கொல்லாமல் விட்ட குதிரை

மகளைப் பள்ளியில் விட நான் போகும் வழியில் சாலை சிறிது தூரம் அரசலாற்றுக் கரையை ஒட்டிப் போகும். அங்கே ஒரு விளம்பரப் பலகை நிற்கிறது. ஒரு கூடாரம், ஒரு குதிரை, கைகோத்து நிற்கும் அப்பா அம்மா, இரண்டு பிள்ளைகள். கீழே, ‘குடும்பத்தோடு வாருங்கள், குதிரையோடும் வாருங்கள்’ என்று எழுதியிருக்கும். அந்த இடம் வரும்போது நான் எதிர்ப்பக்கத்துத் தென்னைகளைப் பார்த்தபடி ஸ்கூட்டரை ஓட்டுவேன். பின்னால் உட்கார்ந்திருக்கும் என் மகள் எந்தப் பக்கம் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

அந்தப் பலகைக்குப் பின்னால், ஆற்றங்கரைப் பூங்காவை ஒட்டிய தோப்பை வாங்கிக் கூடார முகாம் நடத்துபவர் பிரான்சில் முப்பது வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். அங்கே மக்கள் ஆற்றோரமாகக் கூடாரம் அடித்துத் தங்குவார்களாம். குதிரை வைத்திருப்பவர்கள் குதிரையையும் கூட்டி வருவார்களாம். அதைப் போலவே இவர் இங்கே செய்தார். தென்னைகளுக்கு நடுவே துணிக் கூடாரங்கள், அடுப்பு மூட்டக் கல் மேடைகள், குதிரை கட்டுவதற்குக் கட்டைகள், தொட்டிகள், ஆற்றில் இறங்கச் செங்கல் பாவிய சரிவு. ஊரில் எல்லோரும் அவரை, பிரெஞ்சில் ஐயா என்பது போல, முசியே என்றுதான் கூப்பிடுவார்கள். மரியாதைக்குப் பாதி, கேலிக்குப் பாதி. “வீட்டுல பங்களா கட்டி வச்சுக்கிட்டுத் துணிக்குள்ள போயி எவன் படுப்பான்?” என்று முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களே குடும்பத்தோடு போய்ப் படுத்தார்கள்.

குதிரைகள் அதற்கு முன்பே இந்தப் பக்கம் வந்துவிட்டன. கையில் கொஞ்சம் காசு புரண்டவர்கள் கார் வாங்கினார்கள், அப்புறம் பெரிய கார் வாங்கினார்கள், அப்புறம் குதிரை வாங்கினார்கள். குரும்பகரத்தில் என் அக்காவின் கணவரும் ஒன்று வாங்கினார். அத்தானுக்கு நெல் சாகுபடி, சொந்தத்தில் டிராக்டர். பழுப்பு நிறத்தில், நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு ஒரு பெட்டைக் குதிரையை டிராக்டர் கொட்டகைக்குப் பக்கத்தில் கட்டினார். அதன் மேல் ஏறி ஊரை இரண்டு முறை சுற்றினார். மூன்றாம் முறை இடுப்பு பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் அந்தக் குதிரை என் மகளுடையதாகிவிட்டது.

அவளுக்குப் பதிமூன்று வயது. வார விடுமுறை வந்தால் குரும்பகரம் போக வேண்டும் என்பாள். அத்தான் நல்ல மனத்தோடு ஒருவரை வைத்து அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். நான் வரப்பில் நின்றபடி, பாத்து, பாத்து என்று கத்திக்கொண்டிருப்பேன். “ஒங்கம்மா ஒன்னைப் பஞ்சுல சுத்தி பீரோவுல வச்சுப் பூட்டிருவாடி” என்று அத்தான் சிரிப்பார். அவள் குதிரைக்கு ஒரு பெயர் வைத்திருந்தாள். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெயரைச் சொல்ல இப்போது எனக்கு அனுமதி இல்லை.

ஆவணி மாதம். அக்கா மகளுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து, பிரசவத்துக்காகக் குரும்பகரத்துக்கு அழைத்து வந்திருந்தார்கள். இது அவளுக்கு இரண்டாவது கரு. முதலாவது ஐந்தாம் மாதத்தில் கலைந்துவிட்டது. அந்தச் சமயத்தில் அவள் புகுந்த வீட்டில் ஒரு பாம்பை அடித்திருந்தார்கள். வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கும்போது ஆண்கள் எந்த உயிரையும் கொல்லக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பாம்பை அடித்தது அவள் கணவர். கரு கலைந்ததற்கு மருத்துவர் ஒரு காரணம் சொன்னார். வீட்டில் யாரும் அந்தக் காரணத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

வளைகாப்பு வேலையெல்லாம் முடிந்த களைப்பு தீர, அத்தான் முகாமுக்குப் போகலாம் என்றார். அக்கா தன் மகளோடு வீட்டில் இருந்துகொண்டாள். என் கணவர் வேலையாகச் சென்னையில் இருந்தார். நானும் மகளும், அத்தானும், அவருடைய விழிதியூர் நண்பரும் போனோம். குதிரை ஒரு சின்ன லாரியில் வந்தது. மகள் எங்களோடு காரில் ஏறாமல் லாரியில்தான் வருவேன் என்று அடம்பிடித்து, முன்னிருக்கையில் உட்கார்ந்து, வழியெல்லாம் பின்பக்கச் சின்னக் கண்ணாடி வழியாகக் குதிரையைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

சனிக்கிழமை காலை. முகாம் நிறைந்திருந்தது. அடுத்த கூடாரத்தில் நாகூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று பெரிய தேக்சாவில் பிரியாணி போட்டுக்கொண்டிருந்தது. பிள்ளைகள் குதிரையைச் சுற்றி நின்றார்கள். என் மகள் ஒவ்வொரு பிள்ளையையும் கைப்பிடித்து அதன் கழுத்தைத் தடவ வைத்தாள். “பின்னாடி போகாத. முன்னாடி வந்து அது பாக்கற மாதிரி தொடு” என்று அவள் சொல்வது எனக்குக் கேட்டது. இவ்வளவு பொறுமையாக வீட்டில் அவள் யாரிடமும் பேசியதில்லை.

அந்த இடத்தில் ஆறு கடலுக்கு வெகு பக்கம். கடல் வற்றும்போது ஆறும் வற்றும். கடல் ஏறினால் உப்புத்தண்ணீர் ஆற்றுக்குள் ஏறி வரும். நாங்கள் போன நேரம் வற்றியிருந்தது. தண்ணீர் விலகிய இடத்தில் சாம்பல் நிறத்தில் கரை அகலமாகத் தெரிந்தது. அத்தான் குதிரையைக் குளிப்பாட்ட வேண்டும் என்றார். பிள்ளைகள் பார்க்கிறார்கள், கைப்பேசிகள் தயாராக இருக்கின்றன. செங்கல் சரிவில் இரண்டு குடும்பங்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தன. அத்தான் குதிரையைத் திறந்த கரைப்பக்கம் திருப்பினார்.

முசியே ஓடி வந்தார். “அங்க எறக்காதீங்க. மேல மணலா தெரியும், கீழ உளைச் சேறு. செத்த பொறுங்க, சரிவுல எடம் போட்டுத் தரேன்.”

“முசியே, நீங்க பாரீசுல சேறு பாத்துருக்க மாட்டீங்க. நாங்க சேத்துலயே பொறந்தவங்க” என்றார் அத்தான்.

“முசியேக்கு டைல்ஸ் போட்டு வச்சாதான் ஆத்துல கால வைப்பாரு” என்றார் விழிதியூர்க்காரர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

இதை நான் பல முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அத்தான் சொன்னது பொய் இல்லை. வயலில் இடுப்பளவு சேற்றில் எருமையை இறக்கி ஏற்றியவர் அவர். எருமைக்குக் குளம்பு பிளந்திருக்கும். சேற்றில் விரியும், எடுக்கும்போது ஒடுங்கி வெளியே வந்துவிடும். குதிரைக்கு ஒற்றைக் குளம்பு. இறங்கினால் சேறு அதைக் கவ்விக்கொள்ளும். இது எங்கள் வீடுகளில் யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. எங்கள் ஊர்ச் சேற்றில் குதிரை இறங்கியதே கிடையாது.

“நானும் வரேன் பெரியப்பா” என்று மகள் கடிவாளத்தைப் பிடித்தாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். அன்று நான் செய்து பலித்தது அது ஒன்றுதான்.

அத்தான் குதிரையை நடத்திக்கொண்டு பத்தடி போயிருப்பார். முன்னங்கால்கள் இறங்கின. குதிரை எம்பியது. எம்பிய வேகத்தில் பின்னங்கால்களும் இறங்கின. மறுபடி எம்பியது. ஒவ்வொரு எம்பலுக்கும் இன்னும் இறங்கி, கடைசியில் வயிறு சேற்றில் பதிந்து நின்றுவிட்டது. அத்தான் மார்போடு படுத்துத் தவழ்ந்து கரையேறினார். தலை முதல் கால் வரை சேறு. அவரைப் பார்த்துப் பிள்ளைகள் கைகொட்டிச் சிரிக்க, அவரும் சிரித்தார். “இருடா, ஒனக்கும் சேறு பூசி விடறேன்” என்று ஒரு பையனைத் துரத்தினார். முதல் கொஞ்ச நேரம் அது எல்லோருக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது. என் மகளைத் தவிர.

பிறகு தண்ணீர் ஏறத் தொடங்கியது. கண்ணுக்குத் தெரியாமல்தான் ஏறும். சேற்றில் நண்டு வளைகள் ஒவ்வொன்றாகக் குமிழி விட்டன. அதைப் பார்த்ததும்தான் சிரிப்பு நின்றது. குதிரையின் விலாவைத் தண்ணீர் தொட்டது. குதிரை கத்தியது. குதிரை கத்துவதை நான் அதுவரை கேட்டதில்லை. கனைப்பைத்தான் கேட்டிருக்கிறேன்.

விழிதியூர்க்காரர் பக்கத்து வயலில் உழுதுகொண்டிருந்த ஒருவரிடம் டிராக்டரையும் தேர்வடம் மாதிரி பருத்த ஒரு கயிற்றையும் வாங்கி வந்தார். மாடு விழுந்தால் கொம்பில் கட்டி இழுப்பார்கள். இதற்குக் கொம்பு இல்லை. வயிற்றைச் சுற்றிக் கட்டவேண்டுமானால் யாராவது சேற்றுக்குள் கை விட்டுக் கயிற்றை அடியில் கொடுத்து வாங்க வேண்டும். அது உதைக்கும் என்று யாரும் போகவில்லை. ஒருவர் பலகை போட்டு அதன் மேல் தவழ்ந்து போய், கழுத்தில் ஒரு சுருக்கும், ஒரு எம்பலில் வெளியே வந்த முன்னங்காலில் ஒரு சுருக்கும் போட்டார்.

“கால்ல கட்டாதீங்க பெரியப்பா! நெஞ்சச் சுத்திக் கட்டுங்க!” என் மகள் கத்தினாள். “பலகைய எனக்குக் குடுங்க, நான் போயிக் கட்டறேன்!”

“யூடியூப் டாக்டர் சொல்லிட்டாங்க, கேட்டுக்கங்கப்பா” என்றார் விழிதியூர்க்காரர் டிராக்டர் மேலிருந்து. நான் அவளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் முழங்கையில் அவள் பல் பதிந்த தழும்பு இன்னும் இருக்கிறது.

டிராக்டர் இழுத்தது. குதிரை வந்துவிட்டது. சேற்றோடு, தண்ணீரோடு, ஒரு பெரிய மூட்டையைப் போலக் கரையில் வந்து விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நாகூர்ப் பெண் ஒருத்தி, “யா அல்லா, காப்பாத்திட்ட” என்று முகத்தில் கை வைத்தாள். இன்னொரு சத்தம் எனக்கும் என் மகளுக்கும் மட்டும்தான் கேட்டிருக்கும் போல. கைதட்டலுக்குக் கொஞ்சம் முன்னால், வேலியில் பச்சைக் கிளுவைக் கொம்பை முறிப்பது போல ஒன்று கேட்டது. குதிரை எழுந்து நிற்கப் பார்த்தது. கயிறு கட்டிய கால் தரையில் ஊன்றவில்லை. முழங்காலுக்குக் கீழே அது வேறு பக்கமாகத் தொங்கியது. அப்போதும் பின்வரிசையில் சிலர் கைதட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

கால்நடை மருத்துவர் மதியத்துக்குள் வந்துவிட்டார். சின்ன வயதுக்காரர். காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தாலே தெரிந்தது. “எலும்பு வெளிய வந்துட்டுதுங்க. மாடுன்னா மூணு கால்லகூட ஓட்டிடும். குதிரை அப்படி இல்ல. நிக்கவும் முடியாது, படுத்தே கெடந்தாலும் உள்ளுக்குள்ள எல்லாம் கெட்டுப்போயிடும். வலி மட்டும்தான் பாக்கி. ஊசி போட்டுடலாம். தூங்கற மாதிரி போயிடும்.”

அத்தான் குதிரையின் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதார். அதைச் சொல்லாமல் விட முடியாது. அவர் கெட்டவர் இல்லை. சேறு காய்ந்து வெடித்திருந்த கன்னங்களில் கண்ணீர் கோடு போட்டு இறங்கியது. “சரி டாக்டர்” என்றார். மருத்துவர் பெட்டியைத் திறந்தார். என் மகள் குதிரையின் முகத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அவளும் தயாராகிவிட்டாள். இவ்வளவு சின்ன வயதில் ஒருத்தியால் அப்படித் தயாராக முடியும் என்பதே எனக்குத் திகிலாக இருந்தது.

அத்தான் அக்காவுக்குச் சொல்லிவிடலாமென்று கைப்பேசியை எடுத்தார். கையெல்லாம் சேறு என்பதால் ஸ்பீக்கரில் போட்டார்.

“என்ன பேசறீங்க நீங்க?” அக்காவின் குரல் தோப்பெல்லாம் கேட்டது. “வீட்டுல புள்ளத்தாச்சிய வச்சுக்கிட்டு உசுர எடுக்கச் சொல்றீங்களா? போன தடவ பட்டது பத்தாதா?”

“நானா எடுக்கறேன்? டாக்டர்தான்…”

“எடுக்கச் சொல்றது யாரு? நீங்கதானே?”

மருத்துவர் குனிந்து கைப்பேசியிடம் பேசினார். “அம்மா, ஊசி போடறது நான். ஒங்களுக்கு இதுல ஒரு பாவமும் இல்லம்மா. அது வலியில கெடக்கறதுதான் பாவம்.”

“ஒங்களுக்குக் கல்யாணம் ஆயிட்டுதா தம்பி?”

“இல்லம்மா.”

“ஆகட்டும். அப்பறம் சொல்லுங்க.”

அத்தான் கைப்பேசியை அணைத்துவிட்டுக் குதிரையைப் பார்த்தார். பிறகு மருத்துவரைப் பார்க்காமல், “வலிக்கு மட்டும் எதாவது போடுங்க. தானா போகட்டும்” என்றார்.

“அந்த ஊர்ல ஒரு மணி நேரம்கூட இப்படி வச்சிருக்க விடமாட்டாங்க” என்றார் முசியே.

“அந்த ஊர்ல எவ புள்ள பெத்துக்கறா முசியே?” என்றார் அத்தான். விழிதியூர்க்காரர் மட்டும் சிரித்தார்.

மருத்துவர் வலிக்கு ஊசி போட்டார். காலையில் அதன் வேகம் இறங்கிவிடும், மனசு மாறினால் எந்த நேரமும் கூப்பிடுங்கள் என்றார். உரிமையாளர் வாயால் சொல்லாமல் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுதாமல் தாண்டிப் போகலாம் என்று நினைத்தேன். ஆனால் இதில் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர வேறு எதுவும் இல்லை.

மருந்தின் வேகம் இறங்கியதும் குதிரை எழுந்திருக்கப் பார்த்தது. முன்பக்கத்தைத் தூக்கும், உடைந்த காலை ஊன்றும், விழும். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும். மறுபடி தூக்கும். எத்தனை தடவை விழுந்தாலும் கால் உடைந்திருக்கிறது என்பது அதற்குப் புரியவில்லை. அது விழும் இடத்தில் புல் தேய்ந்து மண் தெரிந்தது. முசியே நான்கு கம்பு நட்டு நீலத் தார்ப்பாய் கட்டினார். வெயிலுக்கு என்று சொன்னார். மற்றக் கூடாரங்களிலிருந்து பார்த்தால் தெரியக்கூடாது என்பதும் அதில் இருந்தது. சத்தத்துக்கு என்ன செய்வது? ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டார். பிள்ளைகளுக்குச் சாக்கு ஓட்டம் நடந்தது. பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கும் இடைவெளியில் குதிரை கேட்கும்.

காக்கைகள் வந்தன. முதலில் காலுக்கு. பிறகு, அது தலையைத் தூக்காமல் கிடந்த நேரத்தில், கண்ணுக்கு. என் மகள் ஒரு குடையை விரித்து அதன் தலைக்கு நேரே பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மறு கையில் ஒரு தென்னம்பாளை. வாளியில் தண்ணீர் கொடுத்தாள். குதிரை குடித்தது. குடித்ததைப் பார்த்து அத்தான், “பாரு, தண்ணி குடிக்குது. பொழச்சாலும் பொழச்சுக்கும்” என்றார். கோவிலுக்குப் போய்த் திருநீறு வாங்கி வந்து அதன் நெற்றிச் சுட்டியில் பூசினார். மகளுக்கும் பூச வந்தார். அவள் குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டாள். “பெரியப்பா என்ன செய்யட்டும் கண்ணு? நீயே சொல்லு” என்று கேட்டார். பிறகு, அக்கா மகளைப் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டும் என்று ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

நாகூர்க் குடும்பத்துப் பெரியவர் எங்களிடம் வந்தார். “நம்ம ஆளு ஒருத்தரை வரச் சொல்லவா? ஒரே நிமிசம். பிஸ்மில்லா சொல்லி முடிச்சுருவாரு. வாயில்லா ஜீவன், பாக்க முடியலங்க.” விழிதியூர்க்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, வேண்டாம் பாய், குடும்பக் காரியம் என்றார். அவர்கள் பிரியாணித் தேக்சாவைக் கட்டி ஏற்றிக்கொண்டு முன்கூட்டியே போய்விட்டார்கள். அந்த இடத்துக்குப் புதிதாக இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒருவன் குதிரைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார, மற்றவன் படம் எடுத்தான். என் மகள் பாளையால் அவன் கைப்பேசியை அடித்துக் கீழே தள்ளினாள். “புள்ளையா இது, பிசாசா?” என்று கேட்டார்கள். நான் மன்னிப்புக் கேட்டேன்.

சாயங்காலம் மருத்துவர் யாரும் கூப்பிடாமலே வந்தார். மறுபடி வலி ஊசி போட்டார். அந்த மருந்து இப்போது அவ்வளவாக வேலை செய்யவில்லை. என்னைத் தனியாக அழைத்து, “அவங்க குடும்பம்தானே நீங்களும்? நீங்க ஒரு வார்த்த சொன்னாலும் போதும். நான் பாத்துக்கறேன்” என்றார்.

“அத்தானைக் கேக்கணும் டாக்டர்” என்றேன்.

என் மகள் எனக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

அவர் போனபின் அவள் கையை நீட்டினாள். “அம்மா, ஃபோன் குடு. அக்காகிட்ட பேசணும்.” அக்கா என்றால் என் அக்கா மகள், அந்தப் பிள்ளைத்தாய்ச்சி. சின்ன வயதில் என் மகளுக்குத் தலைவாரிப் பின்னி விட்டவள் அவள்.

“அவளுக்கு ஏழு மாசம்டி.”

“தெரியும்.”

“ஏற்கனவே ஒண்ணு தங்கல. அதுவும் தெரியுமா ஒனக்கு?”

“தெரியும். அவ சொன்னா பெரியப்பா கேப்பாரு. வேற யாரு சொன்னாலும் கேக்க மாட்டாரு. அவ பாவப்படுவாம்மா. சரின்னு சொல்லுவா.”

அவள் சொன்னது சரி. அதனால்தான் நான் கொடுக்கவில்லை. அக்கா மகள் சரி என்று சொல்லிவிடுவாள். அதற்கப்புறம் ஏதாவது ஆனால்? நான் கல்லூரியில் விலங்கியல் படித்தவள். கரு எப்படி உருவாகிறது, எதனால் கலைகிறது என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். கைப்பேசியைக் கைப்பைக்குள் போட்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். அவள் என் பையைப் பார்த்தாள். பிறகு தார்ப்பாய்க்குள் போய்விட்டாள்.

வீட்டுக்குப் போகலாம் என்றால் வரமாட்டேன் என்றாள். கூடாரத்திலேயே இருந்தோம். திங்கள் காலை, வெயில் ஏறும் நேரத்தில், குதிரை எழுந்திருக்க முயல்வதை நிறுத்தியது. அதுவரை ஒவ்வொரு முறையும் அது விழும்போது, போதும் போதும் என்று மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தவள் நான். அது நிறுத்தியதும் இன்னொரு தடவை எழாதா என்று இருந்தது. மகள் அதன் காதுக்குள் நிறையப் பேசினாள். கொஞ்சம் கழித்து வெளியே வந்து குடையை மடக்கி என்னிடம் கொடுத்தாள். அவள் அழவில்லை.

விழிதியூர்க்காரர் அத்தானுக்குப் பேசினார். “தானா போயிட்டுது. யாரு தலையிலயும் இல்ல. நிம்மதியா இருங்க.” மண் வாரும் இயந்திரம் வந்து சவுக்குத் தோப்போரம் குழி தோண்டியது. முசியே அது கிடந்த இடத்தில் ஆற்று மணல் கொட்டிப் பரப்பினார். அடுத்த சனிக்கிழமைக்கு அந்த இடத்தையும் யாரோ கேட்டிருந்தார்கள்.

ஐப்பசி கடைசியில், விடாத மழையில், அக்கா மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோவுக்கு மேல். ஒரு குறையும் இல்லை. அக்கா தொலைபேசியில் அழுதாள். “பாத்தியாடி, அன்னைக்கு மட்டும் நாம சரின்னு சொல்லியிருந்தா?” என்றாள். நானும் அழுதேன். மகிழ்ச்சியில்தான்.

தொட்டில் போடும் அன்று குரும்பகரம் போனோம். வரமாட்டேன் என்று சொல்லுவாள் என்று பயந்தேன். ஆனால் மகள் வந்தாள். டிராக்டர் கொட்டகைப் பக்கம் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வீடு நிறைய ஆட்கள். குழந்தை கை மாறிக்கொண்டே வந்து எங்களிடம் வந்தது. நான் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு அவளிடம் நீட்டினேன்.

“தூக்குடி, நீதான் சித்தி” என்றாள் அக்கா. “கையப் பின்னால கட்டிக்கிட்டு இன்ஸ்பெக்டர் மாதிரி நிக்கறியே. தூக்கு, கடிக்காது.”

அவள் கையை எடுக்கவில்லை.

“இன்னும் அந்தக் குதிரைய நெனச்சுக்கிட்டா இருக்க?” அத்தான் அவள் தலையில் கை வைத்தார். “பெரியப்பா ஒனக்கு வேற ஒண்ணு வாங்கித் தரேன். வெள்ளைக் குதிரை. சரியா?”

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அக்கா மகள் நிமிர்ந்தாள். “என்ன குதிரை? அத வித்துட்டதாதானே சொன்னீங்க?”

அத்தான் அக்காவைப் பார்த்தார். என் மகள் பேசினாள். பாடம் ஒப்பிப்பது போல, ஏற்ற இறக்கம் இல்லாமல். “விக்கல. ஆத்துச் சேத்துல மாட்டி கால் ஒடஞ்சுது. ரெண்டு நாள் கெடந்துது. காக்கா கொத்துச்சு. டாக்டர் ஊசி போடறேன்னு வந்தாரு. நீ மாசமா இருக்கன்னு போட விடல.”

நான் அக்கா மகளின் முகத்தையே பார்த்தேன். என் மகளும் அதைத்தான் பார்த்தாள். இவள் பாவப்படுவாள் என்று அவள் எவ்வளவு உறுதியாகச் சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். அக்கா மகள் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு கையை நீட்டி என்னிடமிருந்து குழந்தையை வாங்கினாள். மார்போடு சேர்த்தாள். முந்தானையை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடினாள்.

“கொஞ்சம் தள்ளி நில்லு” என்றாள் என் மகளிடம்.

சாப்பிட்டோம் என்றுதான் நினைக்கிறேன். பாயசம் இருந்தது. மழை விட்டதும் கிளம்பினோம். ஸ்கூட்டரில் அவள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டுதான் உட்காருவாள், எல்கேஜி படித்த நாளிலிருந்து அந்தப் பழக்கம். அன்றும் அப்படித்தான் உட்கார்ந்தாள். வயல்களில் தண்ணீர் முட்ட நின்றது.

பிறகு என் காதருகே கேட்டாள். “அம்மா. அக்காவுக்குப் பதிலா நான் மாசமா இருந்தாலும் அத அப்படியே விட்டிருப்பியா?”

பொய் சொல்லியிருக்கலாம். பிள்ளைகளிடம் எத்தனை பொய் சொல்கிறோம். ஆனால் இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்குள் பதில் தயாராக இருந்தது, அதில் கொஞ்சம்கூடச் சந்தேகம் இல்லை. ஒரு குதிரை இல்லை, பத்துக் குதிரை கிடந்தாலும்.

“ஆமா” என்றேன்.

அவள் சரி என்பது போல முதுகில் தலையை அசைத்தது தெரிந்தது. வண்டி அரசலாற்றுப் பாலத்தில் ஏறியது. கீழே தண்ணீர் கடல் பக்கமிருந்து ஏறிக்கொண்டிருந்தது. அவள் என் இடுப்பிலிருந்து கைகளை எடுத்து, பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.